பட்டம், வேதனம், கடன்: ஒரு கணினி விளையாட்டிற் பல்கலைக்கழகத்தின் படிமம்

1

ஒரு சமுதாயம் தன் நிறுவனங்களைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணங்கள் அதன் உயர் இலக்கியங்களில் மாத்திரமன்றி, பெருந்தொகையான மக்கள் தமது ஓய்வு நேரத்தில் ஈடுபடும் கலைகளிலும் பதிவாகின்றன. நாட்டார் கூத்துக்களையும் பின்னர் வெகுசன நாவல்களையும் திரைப்படங்களையும் ஆராய்ச்சிக்குரிய பொருள்களாக ஏற்றுக்கொள்வதற்கு எமது புலமையுலகு ஒரு காலத்தில் தயங்கியது. அத்தயக்கம் படிப்படியாக நீங்கிற்று. இன்று கணினி விளையாட்டுக்களைப் பொறுத்தவரையில் நாம் ஏறக்குறைய அதே நிலையில் நிற்கின்றோம். அவற்றைச் சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்குவோரும், தொழில்நுட்ப விந்தை என வியப்போரும் உளரேயன்றி, அவை கூறும் பொருள் யாது என வினவுவோர் சிலரே. உலகின் பல பாகங்களிலும் இளைஞர்கள் பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதிப்பதற்கு முன்னரே அதனை ஒரு விளையாட்டிற் கண்டு விடுகின்றனர் என்பதை மனங்கொள்ளும்போது, அவ்வினாவை மேலும் ஒத்திவைத்தல் பொருந்தாது.

இக்கட்டுரையில் நாம் நோக்க எடுத்துக்கொள்வது, மனித வாழ்க்கையைப் போலச்செய்யும் கணினி விளையாட்டுக்களுள் மிகப் பரவலாக அறியப்பட்ட ‘த சிம்ஸ்’ என்பதன் பல்கலைக்கழக விரிவாக்கத் தொகுதியாகும். மூல விளையாட்டுக்குத் துணையாகத் தனியே விற்கப்படும் இத்தகைய தொகுதிகள் புதிய இடங்களையும் தொழில்களையும் விதிகளையும் அதனோடு சேர்ப்பன. பல்கலைக்கழகம் இவ்வாறு மூன்று தடவை சேர்க்கப்பட்டது. ‘த சிம்ஸ் 2’ இற்கு 2005 மார்ச்சிலும், ‘த சிம்ஸ் 3’ இற்கு 2013 மார்ச்சிலும், ‘த சிம்ஸ் 4’ இற்கு 2019 நவம்பரிலும் அத்தொகுதிகள் வெளிவந்தன. இறுதியாக வந்தது ‘டிஸ்கவர் யூனிவேர்சிற்றி’ என்னும் பெயருடையது. பதினான்கு ஆண்டுக் காலத்தில் ஒரே நிறுவனம் ஒரே பொருளை மூன்று விதமாக ஆக்கியுள்ளமையால், அவற்றிடையே காணப்படும் வேறுபாடுகள் தற்செயலானவையா, அன்றி ஒரு சமூக மாற்றத்தின் சுவடுகளா என ஆராய எமக்கு ஒரு வாய்ப்புக் கிட்டுகின்றது.

2

முதலில் இக்கலைவடிவத்தின் இயல்பினைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் அவசியம். ‘த சிம்ஸ்’ 2000 பெப்ரவரியில் வெளிவந்தது. அதனை ஆக்கியவர் வில் றைட். அவர் 1987 இல் ஜெஃப் பிறவுனுடன் இணைந்து நிறுவிய மக்சிஸ் என்னும் கம்பனி, 1997 இல் இலெக்ட்றோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமாயிற்று. 1991 இல் கலிபோர்னியாவின் ஓக்லாண்ட் பகுதியில் மூண்ட பெருந்தீயில் றைட் தமது வீட்டை இழந்தார். இழந்த பொருள்களுள் எவை மீண்டும் வேண்டியவை, எதற்காக வேண்டியவை என்ற சிந்தனையே இவ்விளையாட்டுக்கு வித்திட்டதென அவரே கூறியுள்ளார். 1943 இல் ஏபிரகாம் மாஸ்லோ முன்வைத்த மனிதத் தேவைகளின் படிமுறை பற்றிய கோட்பாடும், 1977 இல் வெளிவந்த கிறிஸ்தோபர் அலெக்சாந்தரின் கட்டடக்கலை நூலும் அவரிடத்துச் செல்வாக்குப் பெற்றிருந்தன.

விளையாடுபவர் சில மனித உருவங்களைப் படைத்து ஒரு வீட்டிற் குடியமர்த்துகிறார். அவ்வுருவங்களுக்குப் பசி, உறக்கம், தூய்மை, பொழுதுபோக்கு, உறவு முதலிய தேவைகள் உண்டு. முதல் விளையாட்டில் இவை எட்டாகவும், ‘த சிம்ஸ் 4’ இல் ஆறாகவும் வகுக்கப்பட்டன. அவை வேலைக்குப் போகின்றன, ‘சிமோலியன்’ எனப்படும் பணத்தை ஈட்டுகின்றன, பொருள்களை வாங்குகின்றன. விலையுயர்ந்த கட்டில் களைப்பை விரைந்து போக்கும். மலிவான கட்டிலுக்கு அவ்வாற்றல் குறைவு. வெற்றி, தோல்வி என்னும் முடிவு இங்கில்லை.

நாவலாசிரியன் தன் உலக நோக்கினைக் கதைமாந்தரின் செயல்வழியும் நிகழ்ச்சிகளின் கோப்பின் வழியும் புலப்படுத்துகிறான். இத்தகைய விளையாட்டில் நிகழ்ச்சிகளைக் கோப்பவர் விளையாடுபவரே. ஆயின் ஆக்கியோனின் நோக்கு எங்கே உறைகின்றது? அது விதிகளில் உறைகின்றது. எதற்கு விலை உண்டு, எதற்கு விலை இல்லை. எச்செயல் எப்பயனைத் தரும். எது திரையிற் காட்டப்படும், எது மறைக்கப்படும் என்பனவற்றை முன்கூட்டியே தீர்மானிப்பதன் வாயிலாக ஆக்கியோன் வாழ்க்கையைப் பற்றி ஒரு கூற்றை நிகழ்த்துகிறான். நாவலின் கூற்றை வாசகன் மறுத்துக்கொண்டே வாசிக்கலாம். விதியின் கூற்றையோ விளையாடுபவன் ஏற்று நடந்தாலன்றி விளையாட இயலாது. எனவே இவ்வடிவத்தை விமர்சிப்போர் அதன் சித்திரங்களின் அழகிலும் பார்க்க அதன் விதிகளின் தருக்கத்தையே முதன்மையாகக் கருதவேண்டியவராவர்.

3

இக்கண்ணோட்டத்தில் மூன்று தொகுதிகளையும் ஒப்பிடுவோம். 2005 ஆம் ஆண்டுத் தொகுதியிற் பல்கலைக்கழகம் செல்வதற்குக் கட்டணம் இல்லை. பதின்ம வயதில் ஈட்டிய திறன்களுக்கும் பெறுபேறுகளுக்கும் புலமைப்பரிசில் கிடைக்கும். ஒவ்வோர் அரையாண்டின் முடிவிலும் மாணவர் பெற்ற தரத்துக்கேற்ப அவருக்கு உதவிப்பணம் வழங்கப்படும். எட்டு அரையாண்டுகள் கொண்ட அவ்வாழ்வில் மாணவர் பணம் பெறுபவரேயன்றிச் செலுத்துபவரல்லர். மேலும் ஒரு சிறப்பு யாதெனில், ‘இளம் பராயம்’ என்னும் வாழ்க்கைக் கட்டம் அவ்விளையாட்டிற் பல்கலைக்கழகம் புகுவோருக்கு மட்டுமே உரியதாக இருந்தமையாகும். ஏனையோர் பதின்ம வயதிலிருந்து நேரே முதிர்ந்தோராகிவிடுவர். பட்டதாரிகளுக்கோ திரையில் விருப்பங்கள் தோன்றும் இடங்கள் நான்கிலிருந்து ஆறாகப் பெருகும். கல்வி என்பது வாழ்நாளை நீட்டி விருப்பங்களை விரிப்பது என்ற, ஓரளவு குழந்தைத்தனமானதும் ஆயினும் தாராண்மை மிக்கதுமான ஓர் எண்ணம் அங்கே விதியாகியிருந்தது.

2013 இல் வந்த தொகுதியிற் கட்டணம் தோன்றுகின்றது. கற்கும் அலகுகளின் தொகைக்கேற்ப அது கூடும். தகுதிப் பரீட்சையிற் பெறும் புள்ளிகள் சுமையைக் குறைக்கலாம். 2019 ஆம் ஆண்டுத் தொகுதி இத்தருக்கத்தை முழுமைப்படுத்துகின்றது. பட்டம் பெறப் பன்னிரண்டு பாட அலகுகள் வேண்டும். ஒரு தவணைக்கு அதிகபட்சம் நான்கு பாடங்களே எடுக்கலாமாதலால் மூன்று தவணைகளேனும் கற்றல் வேண்டும். ஒவ்வொரு தவணையின் தொடக்கத்திலும் கட்டணம் கோரப்படும். கையிருப்பினாற் செலுத்தலாம், புலமைப்பரிசிலாற் குறைக்கலாம், இரண்டும் இல்லாதோர் மாணவர் கடன் பெறலாம். அக்கடன் பின்னர் திருப்பிச் செலுத்தப்படல் வேண்டும். பட்டம் பெற்றவர் அதனோடு தொடர்புடைய தொழிலில் உயர்ந்த படியிலே தொடங்குவர். மொழியும் இலக்கியமும் கற்றவர் எழுத்தாளராகவும், கணினி விஞ்ஞானம் கற்றவர் தொழில்நுட்ப வல்லுநராகவும் முன்வரிசையிற் புகுவர். இவ்வாறு உதவிப்பணத்திலிருந்து கட்டணத்துக்கும், கட்டணத்திலிருந்து கடனுக்கும் விளையாட்டின் பல்கலைக்கழகம் நகர்ந்துள்ளது.

இந்நகர்வை அமெரிக்காவின் வரலாற்றோடு பொருத்திப் பார்த்தல் தகும். 1965 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம், வசதியற்ற மாணவருக்குப் பல்கலைக்கழகத்தின் கதவுகளைத் திறக்கும் நோக்குடன் அரசின் உத்தரவாதமுள்ள கடன் முறையை ஏற்படுத்திற்று. அக்காலத்திற் கடன் ஒரு துணை வழியாகவே கருதப்பட்டது. காலப்போக்கில் மாநில அரசுகளின் மானியம் சுருங்கக் கட்டணம் உயர்ந்தது. துணை வழி பெருவழியாயிற்று. 2005 ஏப்ரிலில், அதாவது முதலாவது பல்கலைக்கழகத் தொகுதி வெளிவந்து சில வாரங்களில், தனியார் வழங்கிய மாணவர் கடன்களையும் வங்குரோத்து நிலையிற்கூட எளிதில் நீக்கமுடியாதவையாக்கும் சட்டம் அங்கு நிறைவேறியது. 2010 இல் மாணவர் கடன்களின் மொத்தம் கடனட்டைக் கடன்களின் மொத்தத்தை விஞ்சியது. 2011 இல் வோல் வீதியை ஆக்கிரமித்த இளைஞரின் கோரிக்கைகளுள் இக்கடனும் ஒன்றாயிற்று. 2019 இல், மூன்றாவது தொகுதி விற்பனைக்கு வந்தபோது, அக்கடன் ஏறத்தாழ 1.5 இலட்சம் கோடி டொலரை எட்டியிருந்தது.

மூன்றாவது தொகுதியின் களமான பிறைற்செஸ்ரர் என்னும் கற்பனை நகரம், பெயரிலும் கட்டடத் தோற்றத்திலும் இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழக நகரங்களை நினைவூட்டுவது. அந்நாட்டின் கதையும் வேறன்று. 1998 இல் 1,000 பவுண் என அறிமுகமான ஆண்டுக் கட்டணம் 2006 இல் 3,000 பவுண் வரையும், 2012 இல் 9,000 பவுண் வரையும் உயர அனுமதிக்கப்பட்டது. 2010 இன் இறுதியில் இலண்டன் வீதிகளிலே பல்லாயிரம் மாணவர் திரண்டமை இவ்வுயர்வை எதிர்த்தேயாகும்.

இவ்விடத்து நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றுண்டு. கடனை விளையாட்டில் இடம்பெறச் செய்தமை குற்றமன்று. யதார்த்தத்தை மறைக்காமற் காட்டியமைக்காக அதனைப் பாராட்டவும் செய்யலாம். ஆயின் யதார்த்தத்தைக் காட்டுவதும், ஒரு குறிப்பிட்ட காலத்தின் ஏற்பாட்டை என்றும் உள்ள இயற்கை நியதியாகக் காட்டுவதும் வேறானவை. ஜேர்மனியின் மாநிலங்கள் யாவும் 2014 அளவிற் பொதுவான பல்கலைக்கழகக் கட்டணத்தை நீக்கிவிட்டன. கட்டணமின்றிப் பட்டம் பெற்ற பரம்பரைகள் எமது நாட்டிலும் உள. பசி எடுத்தால் உண்ண வேண்டும் என்பதையும், படிக்கப் புகுந்தாற் கடன்பட வேண்டும் என்பதையும் ஒரே வகை விதிகளாக அருகருகே வைக்கும்போது, வரலாற்றினால் ஆயது உடலியற்கையால் ஆயது போலத் தோற்றம் கொள்கிறது. கருத்தியலின் தொழிற்பாடு பெரும்பாலும் இத்தகையதே.

4

அடுத்து நோக்கற்பாலது, விளையாட்டு எதனைத் திரைக்கு வெளியே நிறுத்துகின்றது என்பதாகும். பிறைற்செஸ்ரரில் விடுதிகள் உள. உணவுச்சாலை, நூலகம், விளையாட்டுத்திடல் யாவும் உள. மாணவர் துவிச்சக்கர வண்டியிற் செல்வதைக் காணலாம். கட்டுரை எழுதுவதையும் பரீட்சைக்காகக் கண்விழிப்பதையும் காணலாம். ஆனால் விரிவுரை நேரம் வந்ததும் மாணவர் ஒரு கட்டடத்தின் வாயிலிற் புகுந்து மறைந்துவிடுகிறார். உள்ளே நிகழ்வது காட்டப்படுவதில்லை. சில மணிநேரம் கழிந்தபின் அவர் வெளியே வருகிறார்; அவரது பெறுபேற்றைக் குறிக்கும் அளவுகோல் சற்று உயர்ந்திருக்கும். இம்முறை 2019 இற்கே உரியதன்று. 2005 ஆம் ஆண்டுத் தொகுதியிலும் மாணவர் இவ்வாறே மறைந்து மீண்டனர். பல்கலைக்கழகத்தைப் பொருளாகக் கொண்ட ஒரு படைப்பில், பல்கலைக்கழகத்தின் மையமாகிய கற்பித்தலும் கற்றலும் நிகழும் இடம் மட்டும் வெறுமையாயுள்ளது.

இதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் கூறப்படலாம். வகுப்பறையில் அமர்ந்திருக்கும் உருவத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது சுவையற்றது என்பதும் ஒரு நியாயமே. எனினும் உறங்குவதையும் சமைப்பதையும் குளிப்பதையும் சலிப்பின்றிக் காட்டும் விளையாட்டு இது என்பதை மறந்துவிடலாகாது. உண்மைக் காரணம் ஆழமானது என்பது எமது கருத்து. விதிகளின் மொழியில் அறிவுக்கு உருவம் இல்லை. நேரம், பணம், திறன், உறவு ஆகிய அளக்கக்கூடியவற்றையே விதி அறியும். ஒரு கருத்து மனத்திற் புகுந்து முன்னைய நம்பிக்கையை அசைப்பதை அது அறியாது.

மொழித்துறை மாணவர்களாகிய எமக்கு இவ்வெறுமை இன்னொரு விதத்திலும் புலப்படுகின்றது. இவ்வுலகின் மாந்தர் பேசுவது ‘சிம்லிஷ்’ எனப்படும் புனைமொழி. நடிகர்கள் உடனுக்குடன் இட்டுக்கட்டிய ஒலிகளால் ஆயது அது. உணர்ச்சித் தொனி உண்டு, சொற்பொருள் இல்லை. எந்நாட்டு ஆடுநரும் தாம் விரும்பும் பொருளை அதில் ஏற்றிக் கேட்கலாம் என்பதால், நாளாந்த வாழ்வைப் போலச்செய்வதற்கு அது மிகப் பொருத்தமான உத்தியே. ஆனால் அவ்வுலகிலேயே ‘மொழியும் இலக்கியமும்’ என்றொரு பட்டம் வழங்கப்படும்போது உத்தியின் எல்லை வெளிப்பட்டுவிடுகிறது. பொருளற்ற மொழியில் இலக்கியம் பயில்வது எவ்வாறு? அவ்வாறே ‘ஆய்வும் விவாதமும்’ என்னும் புதிய திறனும் இத்தொகுதியிற் சேர்க்கப்பட்டுள்ளது. இருவர் மேடையில் நின்று வாதிடுவர். திறன் மிக்கவருக்கே வெற்றிவாய்ப்பு மிகும். எதைப் பற்றி வாதிட்டனர், எவர் பக்கம் உண்மை இருந்தது என்ற வினாக்களுக்கு அங்கே இடமில்லை.

பாடநெறிகளின் பட்டியல் தரும் சான்றும் கருதத்தக்கது. 2005 இல் இருந்த பதினொரு துறைகளுள் மெய்யியல், கணிதம், அரசியல் விஞ்ஞானம் என்பன இடம்பெற்றிருந்தன. 2013 இல் துறைகள் ஆறாகக் குறுகின. வணிகம், தொடர்பாடல், தொழில்நுட்பம், உடற்கல்வி, நுண்கலை, விஞ்ஞானமும் மருத்துவமும் என்பனவே எஞ்சின. இலக்கியமோ வரலாறோ அங்கில்லை. 2019 இற் பதின்மூன்று பட்டங்கள் உள. இலக்கியமும் வரலாறும் மீண்டன. கணினி விஞ்ஞானமும் சமையற் கலையும் புகுந்தன. குற்றத் தொழிலுக்கு வழிகோலும் ‘வில்லத்தனம்’ என்றொரு பட்டமும் நகைச்சுவையாகச் சேர்ந்தது. மெய்யியலும் கணிதமும் அரசியல் விஞ்ஞானமும் திரும்பி வரவில்லை. 2008 இன் நிதி நெருக்கடிக்குப் பின்னர் அமெரிக்காவில் வரலாறு, ஆங்கிலம் முதலிய துறைகளிற் பட்டம் பெறுவோர் தொகை குறைந்துவந்தமை பலராலும் சுட்டப்பட்டதொன்று. தொழிலோடு நேரே பொருந்தாத அறிவுக்கு இடமேது என்னும் ஐயம் வகுப்பறையிலும் விளையாட்டிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தலைகாட்டியுள்ளது.

பிறைற்செஸ்ரரில் இரு நிறுவனங்கள் உள்ளமையும் ஈண்டு குறிப்பிடற்பாலது. பழமைக் கோலங்கொண்ட பிறைற்செஸ்ரர் பல்கலைக்கழகம் கலைத்துறைகளுக்கும், நவீன தோற்றமுடைய பொக்ஸ்பரி நிறுவனம் விஞ்ஞானத்துக்கும் பெயர்பெற்றவை. 1959 இல் சி. பி. சினோ தமது கேம்பிரிட்ஜ்ச் சொற்பொழிவில் இரு பண்பாடுகளாகப் பிளவுபட்ட புலமையுலகைப் பற்றி அக்கறையோடு பேசினார். அவருக்குச் சிக்கலாக இருந்தது இங்கு இரு அணிகளின் விளையாட்டுப் பகைமையாக, ஒன்றன் அடையாளச் சின்னத்தை மற்றது கேலிசெய்யும் வேடிக்கையாக, மாறிவிடுகின்றது.

5

இவ்விளையாட்டின் உலகில் வர்க்கம் உண்டா என்ற வினா அடுத்து எழுகின்றது. செல்வர் வீடும் வறியவர் வீடும் உண்டு. ஆயினும் ‘த சிம்ஸ் 4’ இல் தனியொருவராகப் படைக்கப்படும் எவரும் 20,000 சிமோலியனுடன் வாழ்க்கையைத் தொடங்குகிறார். எல்லாரும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்குகின்றனர். அதன்பின் எவர் முந்துகிறார் என்பது அவரை இயக்குபவரின் நேர முகாமையைப் பொறுத்தது. விடாது பயின்றால் எத்திறனையும் எவரும் உச்சம் வரை வளர்த்துக்கொள்ளலாம். புகழ்பெற்ற ‘சிறப்புப் பட்ட’ நெறிகளிற் சேர்வதற்கு முன்கூட்டியே ஈட்டிய திறன்கள் வேண்டும் என்ற விதி, இவ்வுலகில் நீதியான விதியாகவே தோன்றும்.

பிரெஞ்சுச் சமூகவியலாளரான பியேர் பூர்டியுவும் ழான் குளோட் பசறோனும் 1964 இலும் 1970 இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு நேர்மாறான உண்மையை எடுத்துக்காட்டின. பரீட்சை ‘திறன்’ என அளப்பதிற் பெரும்பகுதி, படித்த குடும்பத்துப் பிள்ளை வீட்டிலேயே பெற்றுவிட்ட மொழியும் பழக்கமும் சுவையுமாகும்; கல்வி நிறுவனம் அப்பரம்பரைச் சொத்தைத் தனிப்பட்டவரின் தகுதியெனப் பெயர்மாற்றி வழங்குகின்றது என்பதே அவர்தம் வாதத்தின் சாரம். ‘த சிம்ஸ்’ இன் விதிகள் இப்பெயர்மாற்றத்தை முடிந்த முடிபாக ஏற்றுக்கொண்ட பின்னரே தொடங்குகின்றன. தோற்றவர் தோற்றது தமது முயற்சிக் குறைவினாலேயே என்ற முடிவுக்கு அவ்விதிகளினின்றும் வேறு வழியில்லை.

உழைப்புச் சுரண்டல் மாத்திரம் ஓரிடத்திற் கண்சிமிட்டிச் செல்கின்றது. 2005 ஆம் ஆண்டுத் தொகுதியிற் செல்வாக்குப் புள்ளிகளைச் சேகரித்த மாணவர், இன்னொருவரைக் கொண்டு தமது கட்டுரையை எழுதுவித்துக்கொள்ளலாம். எழுதியவருக்குப் பயனில்லை; எழுதுவித்தவருக்குத் தரம் உயரும். சமூக உறவு என்பது பிறர் உழைப்பைத் தனதாக்கும் ஆற்றல் என்ற உண்மையை இவ்வளவு சுருக்கமாகக் கூறிய விதி இத்தொகுதிகளில் வேறில்லை.

2013 ஆம் ஆண்டுத் தொகுதியிற் கிளர்ச்சிக்காரர் என்றொரு குழுவும் உண்டு. விளையாட்டு வீரர் குழு, படிப்பாளிக் குழு என்பவற்றோடு அதுவும் ஒரு குழு. ஒலிபெருக்கி ஏந்தி முழக்கமிடுவோர் அதிற் படிப்படியாக உயரலாம். அவ்வுயர்வின் உச்சத்தில் அவர்களுக்குத் திறக்கும் தொழில் யாதெனில், கலைப்பொருள்களுக்கு விலை மதிப்பிடும் தொழிலாகும். 1960களிலும் அதன் பின்னரும் மேலை நாடுகளில் வளாகக் கிளர்ச்சியாளர் பலர் சென்றடைந்த இடத்தை இது நன்கு அறிந்தே கூறுகின்றது என்று கொள்வோரும் உளர். அங்ஙனமாயின் அது கூரிய அங்கதமே. ஆயினும் இவ்விதியின்படி கிளர்ச்சியாற் பல்கலைக்கழகம் மாறுவதில்லை. கிளர்ச்சி செய்தவரின் தொழில்வாய்ப்பே மாறுகின்றது.

6

இங்கு ஓர் எதிர்வாதத்தை நாம் நேர்மையாக எதிர்கொள்ளல் வேண்டும். இவ்விளையாட்டுத் தொடக்கத்திலிருந்தே நுகர்வுச் சமுதாயத்தைப் பற்றிய ஓர் அங்கதம். பொருள்கள் பெருகப் பெருக அவற்றைப் பேணுவதிலேயே வாழ்நாள் கழிகின்றது என்பதை விளையாடுபவர் தாமே உணரும்படி அது அமைந்துள்ளது என்பது அவ்வாதம். றைட் அவர்களும் இக்கருத்தை வெளியிட்டுள்ளார். இதிற் பெருமளவு உண்மை உண்டு. பிறைற்செஸ்ரரின் மாணவர் பசியோடும் தூக்கத்தோடும் ஒப்படைகளோடும் போராடிக் களைத்துப்போவதைப் பார்த்திருக்கும் இளைஞர், தம் காலத்து மாணவ வாழ்வின் சோர்வை அங்கே இனங்கண்டுகொள்ளலாம். அறிவைக் காட்ட இயலாத அவ்விதிகள் உடலின் களைப்பை மிகச் சரியாகக் காட்டுகின்றன. போரும் வேட்டையும் மலிந்திருந்த கணினி விளையாட்டுலகிற் சமையலும் துப்புரவும் அயல் உறவும் கலைக்குரிய பொருளாகலாம் என நிறுவியமையும் இத்தொடரின் சாதனையே.

அன்றியும், விளையாடுபவர் விதிகளின் அடிமைகள் அல்லர். இடைவிலகிய மாணவரையும், கற்பதையே விரும்பி வாழ்நாள் முழுவதும் பட்டம் மேற் பட்டமாகப் பெறுபவரையும் அவர்கள் படைத்துக்கொள்கின்றனர். ‘மதர்லோட்’ என்னும் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தால் 50,000 சிமோலியன் வந்துசேரும் என்பது அவர்கள் யாவரும் அறிந்த இரகசியம். மாணவர் கடன் ஒரு கணத்தில் மறையும். 2023 யூன் 30 இல், ஏறத்தாழ 40,000 கோடி டொலர் மாணவர் கடனை நீக்க அமெரிக்க அரசாங்கம் வகுத்த திட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதெனத் தீர்த்தது. புறவுலகில் நடவாததை ஒரு சொல்லால் நடத்திக் காட்டுவதில் மந்திரத்தின் இயல்பு உண்டு. ஆதிகாலச் சடங்குகளில் மழையைப் போலச்செய்தவர்கள் மழை வேண்டியே அதனைச் செய்தனர். இங்கு இச்சொல்லைத் தட்டச்சு செய்யும் இளைஞரின் உள்ளத்திலும் நியாயமான வேட்கையொன்று மறைந்துள்ளது.

ஆயினும் அவ்வேட்கை விதியை மாற்றவில்லை. விதிக்குப் புறத்தே ஒரு விலக்கைப் பெறுகின்றது. தனியொருவர் பணம் படைத்தவராகிக் கடனிலிருந்து தப்பலாம். கட்டணமே இல்லாத பல்கலைக்கழகத்தை அமைப்பதற்கான விதியோ தொகுதியோடு வரவில்லை. 2005 இல் அத்தகைய விதியை ஆக்கியவர்கள் இதே நிறுவனத்தாரே என்பதை நினைவுகூரும்போது, கற்பனையின் எல்லை இடைப்பட்ட காலத்தில் எவ்வளவு சுருங்கிவிட்டதென்பது தெளிவாகும்.

இவ்விளையாட்டின் சந்தைமுறையும் இதே உண்மையை இன்னொரு விதத்தில் உணர்த்துகின்றது. 2022 ஒக்டோபர் முதல் ‘த சிம்ஸ் 4’ இன் அடிப்படை விளையாட்டு இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றது. உண்பதும் உறங்குவதும் வேலைக்குப் போவதும் அதில் அடங்கும். பல்கலைக்கழகமோ ஏறத்தாழ 40 டொலர் விலையுள்ள தொகுதியாகவே சந்தைக்கு வந்தது. வாழ்வு எல்லார்க்கும்; கல்வி வாங்கக்கூடியவர்க்கு என்ற பிரிவினை, விளையாட்டினுள்ளே விதியாகவும் வெளியே விற்பனை முறையாகவும் அமைந்துவிட்டது. 2025 செப்டெம்பரில் இலெக்ட்றோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தையே 5,500 கோடி டொலருக்கு முதலீட்டாளர் குழுவொன்று வாங்கவுள்ளதாக அறிவிக்கப்பட்டபோது, அத்தொகையில் ஏறத்தாழ 2,000 கோடி டொலர் கடனாகத் திரட்டப்படுமெனவும் கூறப்பட்டது. கடனை விதியாக்கிய கலைப்படைப்பின் உற்பத்தியாளரும் கடனின் உலகிலேயே இயங்குகின்றனர்.

7

இதுகாறும் கூறியவற்றால் நாம் பெறும் முடிவு, இவ்விளையாட்டு பல்கலைக்கழகத்தைப் பொய்யாகக் காட்டுகின்றது என்பதன்று. எம் காலத்திற் பல நாடுகளின் அரசுகளும் நிருவாகிகளும் பல்கலைக்கழகத்தை எவ்வாறு எண்ணுகின்றனரோ, அவ்வாறே அது உள்ளபடி காட்டுகின்றது. செலவிட்ட நேரம் இவ்வளவு, செலுத்திய கட்டணம் இவ்வளவு, கிடைத்த வேதன உயர்வு இவ்வளவு என்ற கணக்கில் அடங்குவதே கல்வி என்போர், பிறைற்செஸ்ரரிற் குறையொன்றும் காணமாட்டார். அக்கணக்கை முழுமையாக நடைமுறைப்படுத்தினால் விரிவுரை மண்டபத்தினுள் எதுவும் எஞ்சாது என்பதையே இத்தொகுதி தன்னையறியாமல் எமக்குக் காட்டிவிடுகின்றது. அதன் ஆராய்ச்சிப் பெறுமானம் இதிலேயே தங்கியுள்ளது.

பல்கலைக்கழகத்துக்குள் மாணவர் ஒருவர் அடையும் மிக முக்கியமான மாற்றம், தான் பிறந்த வீட்டையும் வளர்ந்த ஊரையும் தன் காலத்தையும் புதிய கண்கொண்டு நோக்கத் தொடங்குவதாகும். அம்மாற்றம் சிலவேளை அவரது தொழில்வாய்ப்பைக் குறைக்கவும் கூடும். அவரை நிம்மதியிழக்கவும் செய்யலாம். நாவல் இதனைச் சித்திரிக்கக் கற்றுக்கொண்டது. நாடகமும் திரைப்படமும் கற்றுக்கொண்டன. விதிகளால் ஆன இப்புதிய கலைவடிவம் இதனைச் சித்திரிக்க இயலாதது என முடிவுகட்டுவதற்கு நாம் ஆயத்தமாயில்லை. ஒரு நூலைப் படித்த மாணவர் முன்பு விரும்பியதை விரும்பாமற் போவதையும், வாதத்திற் தோற்றவர் வென்றவரிலும் பார்க்க அதிகம் கற்பதையும், பலர் கூடி எழுப்பிய குரலாற் கட்டண விதியே மாறுவதையும் விதிகளாக வகுக்க முடியாதென யாரும் நிறுவியதில்லை. அவ்வாறான விதிகளைக் கோருவதற்கு, விளையாடுவோர் தாம் பின்பற்றும் விதிகளை முதலில் வாசிக்கப் பழகுதல் வேண்டும். அவ்வாசிப்பைப் பயிற்றுவது, விளையாட்டிற் காட்டப்படாத அந்த விரிவுரை மண்டபங்களில் நாளாந்தம் அமர்ந்திருக்கும் எமது கடமைகளுள் ஒன்றாகும்.